சாலை விபத்துக்குப் பின்: சிகிச்சையோடு தொடங்கும் சட்ட உரிமைகள்

சாலை விபத்தில் அடிபட்டு ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, அவருடைய குடும்பத்தாரின் எண்ணம் முழுவதும் ஒன்றிலேயே நிற்கிறது: உயிர் பிழைக்க வேண்டும். அதுவே முறை. ஆயினும் அந்த முதல் சில நாட்களில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் விடப்படும், சில தாள்களே அக்குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு வாழ்வைத் தீர்மானிக்கின்றன. வீட்டின் ஒரே வருவாய்க்குரியவர் கால் இழந்து படுத்திருக்க, ‘சமாதானமாகப் போய்விடலாம்’ என்று சில ஆயிரங்களைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். சட்டம் தமக்கு என்ன தருகிறது என்பதை உரிய நேரத்தில் எவரும் எடுத்துக் கூறாததே இதற்குக் காரணம். அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

விபத்துகள் ஏன் நிகழ்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவை 64,105. மாநிலங்களுள் மிகுதியான எண்ணிக்கை இதுவே. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. மாண்டோர் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஐவரில் ஒருவர் பாதசாரி. பத்து மரணங்களில் ஏழுக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டது மிகுவேகம்.

மதுரையைச் சூழ்ந்துள்ள சமவெளியின் சாலைகளை அறிந்தவர்களுக்கு இவ்வெண்கள் வியப்பளிக்கமாட்டா. காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சமயநல்லூர், கப்பலூர், திருமங்கலம் வழியாகச் செல்கிறது. மேலூர் வழியே திருச்சிச் சாலையும், அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடிச் சாலையும், உசிலம்பட்டி வழியே தேனிச் சாலையும், பரமக்குடி வழியே இராமேசுவரச் சாலையும் நகரிலிருந்து பிரிகின்றன. நெடுந்தொலைவு வாகனங்களின் விரைவுக்காக அகலப்படுத்தப்பட்ட இந்த நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் ஊர்கள் உள்ளன. வயலுக்கும் பள்ளிக்கும் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் செல்வோர் அதே சாலையைக் குறுக்கே கடக்கின்றனர். அடுத்த திருப்பம் தொலைவில் இருப்பதால் இருசக்கர வாகனம் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறது. சாலையோரத்தில் பின்விளக்கின்றி நிற்கும் லாரியை இருளில் வருபவர் கண்டுகொள்ளும்போது தூரம் கடந்துவிடுகிறது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளின் பாதியகலத்தை நெல்லும் சோளமும் அடைத்துக்கொள்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிச் செல்லும் பாதயாத்திரைக் கூட்டமும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் வாகனங்களும் இரவு நேரச் சாலையின் இடரை மிகுவிக்கின்றன. விடியற்காலையில் ஓட்டுநரின் கண் அயரும் ஒரு நொடி, பல குடும்பங்களைக் குலைத்துவிடுகிறது.

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல். 40 கிலோமீட்டர் வேகத்தில் எலும்பு முறிவோடு தப்பக்கூடியவர், 80 கிலோமீட்டர் வேகத்தில் தப்புவது அரிது. 2022இல் தலைக்கவசம் அணியாததால் இந்தியாவில் இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். மனைவிக்கும் குழந்தைக்கும் கவசம் வேண்டுவதில்லை என்று எண்ணும் வழக்கத்தின் விலை இது.

முதல் ஒரு மணி நேரம்

கடுங்காயம் ஏற்பட்டதிலிருந்து ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என மோட்டார் வாகனச் சட்டமே வரையறுக்கிறது. அந்நேரத்தில் அடிபட்டவரைத் தூக்கிவர அஞ்சுவோர் இன்னும் உள்ளனர். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்பதே அச்சம். அவ்வச்சத்துக்கு இப்போது இடமில்லை. உதவி செய்பவரின் பெயரையும் முகவரியையும் கட்டாயப்படுத்திப் பெறக்கூடாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று ஒப்புதல் அளித்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 134அ பிரிவின் வாயிலாக அவருக்குச் சட்டப் பாதுகாப்பை வழங்கியது. காயமுற்றவருக்கு உடனடிச் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை; காவல் துறை நடைமுறைக்காக அதனைத் தாமதப்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்துள்ளது. ஊர்திக்கு 108, காவல் துறைக்கு 112, தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 ஆகிய எண்களை அழைக்கலாம்.

சிகிச்சைச் செலவுக்கும் வழியுண்டு. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படும். மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1,50,000 ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்கு அது வகை செய்கிறது. இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்பதைச் சேர்க்கையின்போதே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறிய வேண்டும்.

இத்திட்டத்தின் பின்னணியில் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரின் முயற்சி உள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை வல்லுநர் எஸ்.இராஜசேகரன், சாலை மரணங்களைத் தடுக்க நடவடிக்கை வேண்டி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். சாலைப் பாதுகாப்புக்கான குழுவை அமைக்க வழிகோலியது அவ்வழக்கே. பொன்னான நேரச் சிகிச்சைத் திட்டத்தை வகுக்குமாறு 2025 ஜனவரியில் நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கட்டளையிட்டதும் அவ்வழக்கில்தான். அறுவை அரங்கில் நாள்தோறும் கண்டதை ஒரு மருத்துவர் நீதிமன்றத்தின் முன் வைத்ததன் பயனை இன்று முன்பின் அறியாத குடும்பங்கள் பெறுகின்றன.

காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும்

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று முதலில் குறிக்கப்படும் வாசகம் மிக முக்கியமானது. அழைத்துவந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து கீழே விழுந்தார்’ என்று கூறிவிட்டால், மோதிய வாகனம் எங்கே என்ற கேள்வி பின்னர் எழும். நடந்ததை நடந்தபடியே கூறுக. வாகன எண் தெரிந்தால் அதையும் கூறுக. தெரியாததைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டா.

அடுத்து, முதல் தகவல் அறிக்கை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி அதன் நகல் தகவல் அளித்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாக அளிக்கப்பட வேண்டும். விபத்து எந்தக் காவல் நிலைய எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் புகாரை ஏற்க மறுக்க இயலாது. ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு ஒன்று. இழப்பீட்டு வழக்கு வேறொன்று. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்பதே அளவுகோல். ஆதலால் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீடு மறுக்கப்பட்டுவிடாது.

இழப்பீட்டுக்கு மூன்று வழிகள்

முதலாவது, 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல். எதிர்வாகனத்தின் கவனக்குறைவை மெய்ப்பித்தால் இழப்பு முழுவதையும் கோரலாம், தொகைக்கு உச்சவரம்பில்லை. விபத்து நிகழ்ந்த இடத்திலோ, மனுதாரர் வாழும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வாழும் இடத்திலோ வழக்குத் தொடரலாம். ஆகவே விழுப்புரத்தருகே அடிபட்ட மேலூர்க்காரர் மதுரையிலேயே மனுச் செய்யலாம். தீர்ப்பில் குறையிருப்பின் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரிக்கும்.

இரண்டாவது, 164ஆம் பிரிவு. எவர் தவறு என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. மரணத்துக்கு 5 இலட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாய் என்பது நிலையான தொகை. விரைவானது, ஆனால் எச்சரிக்கை தேவை. இத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின்கீழான மனு காலாவதியாகிவிடும். இளம் வயதினர் இறந்தாலோ முடமுற்றாலோ முதல் வழியில் கிடைக்கக்கூடியது இதனினும் பன்மடங்கு மிகுதியாக இருக்கும். எண்ணிப் பாராமல் கையெழுத்திட வேண்டா.

மூன்றாவது, மோதிவிட்டுச் சென்ற வாகனம் எதுவெனத் தெரியாதபோது 161ஆம் பிரிவு. மரணத்துக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும். இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டுவதில்லை. வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பித்தால் விசாரணைக்குப் பின் மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார். 2022இல் மட்டும் இவ்வாறு அடையாளம் தெரியாத வாகனங்களால் 30,486 பேர் இறந்தனர். இத்தகைய திட்டம் இருப்பதையே பலர் அறியாததால், அதனைப் பாதிக்கப்பட்டோருக்குக் காவல் துறையினரே எடுத்துரைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் கட்டளையிட்டது.

காலவரம்பை மறத்தல் ஆகாது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் 166ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருப்பினும், அதை நம்பிக் காலந்தாழ்த்துவது அறிவுடைமை அன்று. சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, பின்னர் ஏற்படும் செலவுகளுக்கான பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

தீர்ப்பாயங்கள் மனம்போன போக்கில் தொகையை முடிவு செய்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்த கணக்கு முறை நாடெங்கும் பின்பற்றப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 34 வயதுக் கொத்தனார் இறந்துவிட்டார்; மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர். 40 வயதுக்குட்பட்ட தொழிலாளியாதலால் எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்கப்பட்டு, மாத வருவாய் 21,000 ஆகிறது. அவர் தமக்கெனச் செலவிடும் நான்கிலொரு பங்கு கழிந்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, 30,24,000 ரூபாய். ஈமச்சடங்குக்கும் துணையிழப்புக்கும் உரிய தொகைகள் இதனுடன் சேரும். மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. 164ஆம் பிரிவின் 5 இலட்சத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் மேற்கூறிய எச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

அதே கொத்தனார் உயிர் பிழைத்து, வலக்கால் நிலையாக ஊனமுற்றதாகக் கொள்வோம். மருத்துவக் குழு 40 விழுக்காடு ஊனம் எனச் சான்றளிக்கிறது. ஆனால் ஊனத்தின் விழுக்காடும் வருவாய் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. அமர்ந்து எழுதும் பணியாளருக்கு அக்காயம் சிறு தடையாக இருக்கலாம். சாரம் ஏறிச் சுவர் எழுப்புபவருக்கோ அது தொழிலின் முடிவு. 40 விழுக்காட்டை அப்படியே கொண்டால் வருவாய் இழப்பு 16,12,800 ரூபாய். தொழில் இழப்பு 60 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் ஏற்றால் 24,19,200 ரூபாய். எனவே நோயாளி என்ன தொழில் செய்தார், அதில் எதை இனிச் செய்ய இயலாது என்பதை மருத்துவரிடம் விரிவாகக் கூறிச் சான்றில் இடம்பெறச் செய்வது இன்றியமையாதது. மருத்துவச் செலவு, வலி, உதவியாளர் செலவு, எதிர்காலச் சிகிச்சை ஆகியன தனித்தனியே கணக்கிடப்படும்.

‘வருமானச் சான்று இல்லையே’ என்று தயங்க வேண்டா. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வேலை தந்தவரின் சாட்சியம் ஆகியவை போதும். எதுவும் இல்லாதபோதும் நீதிமன்றம் நியாயமான வருவாயைத் தானே மதிப்பிடும். ‘வீட்டில் சும்மா இருந்தவர்’ எனப்படும் இல்லத்தரசியின் மரணத்துக்கும் இது பொருந்தும். சமைத்தல், குழந்தை வளர்த்தல், முதியோரைப் பேணுதல் என ஓய்வின்றி உழைப்பவரின் பணியைப் பொருளாதார மதிப்பற்றதாகக் கருதலாகாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு 2009இல் விரிவாக ஆராய்ந்து உரைத்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மேற்கோள் காட்டியது.

காப்பீடு கைகொடுக்காத இடங்கள்

குலதெய்வக் கோயிலுக்கும் காதணி விழாவுக்கும் உறவினர்களை ஏற்றிச் செல்லும் ‘குட்டியானை’யும் டிராக்டர் டிரெய்லரும் நம் பகுதியில் அன்றாடக் காட்சி. சரக்கு வாகனத்தில் இவ்வாறு பயணிப்போருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்துவிட்டது. வாகன உரிமையாளரிடம் கோரலாம். ஆனால் அவரே கடன் வாங்கி வண்டி ஓட்டுபவராயின் தீர்ப்பு தாளளவில் நின்றுவிடக்கூடும். இருபது பேர் சென்று ஒரே விபத்தில் அடிபடும்போது இதன் கொடுமை பெரிது.

இருசக்கர வாகனத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், அவ்வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கு அதிலிருந்து இழப்பீடு கிடைப்பதில்லை. முழுமைக் காப்பீடு இருந்தால் கிடைக்கும். ஓட்டியவரே தவறிழைத்து இறந்தால் எதிர்த்தரப்பிடம் கோர இயலாது. எனினும் உரிமையாளரே ஓட்டுநராக இருந்து, உரிமமும் வைத்திருந்தால், 15 இலட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். எதிர்வாகன ஓட்டுநருக்கு உரிமம் இல்லையென்பதால் மனம் தளர வேண்டா. பல வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையிடப்படுகிறது. அரசுப் பேருந்து மோதியிருந்தால் போக்குவரத்துக் கழகமே எதிர்த்தரப்பு. இழப்பீடு செலுத்தப்படாமல் பேருந்தை ‘ஜப்தி’ செய்த செய்திகள் நாம் அறிந்தவையே.

இறந்தவரின் வங்கிப் புத்தகத்தில் ஆண்டுக்கொரு முறை 20 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவின் பிரீமியமாக இருக்கலாம். விபத்து மரணத்துக்கு அத்திட்டம் 2 இலட்சம் ரூபாய் அளிக்கிறது. தாம் அதில் சேர்ந்திருப்பதை வீட்டாரிடம் கூறாமலேயே மறைந்தவர் உண்டு.

எவரிடம் எச்சரிக்கை வேண்டும்?

மருத்துவமனை வளாகத்தில் அறிமுகமின்றி நெருங்கி, ‘வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், கிடைப்பதில் பங்கு கொடுத்தால் போதும்’ என்று கூறுவோரை நம்ப வேண்டா. வழக்கறிஞர் வழக்குத் தேடி ஆள் அனுப்புவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத் தாளிலோ, படித்துப் பாராத பத்திரத்திலோ கையெழுத்திடக் கூடாது. மூலச் சான்றுகளை எவரிடமும் ஒப்படைக்காமல் நகல்களையே அளிக்க வேண்டும். தொகை பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு விரைவில் முடியும். ஆனால் அங்கு ஏற்றுக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு இல்லை. ஆதலால் மேற்காட்டிய கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே உடன்படுக.

ஓர் உறையில் சேர்த்து வைக்க வேண்டியவை

• முதல் தகவல் அறிக்கையின் நகல்
• விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ்
• வெளியேற்றச் சுருக்கம், ஸ்கேன் அறிக்கைகள், மருந்துக்கடை, ஊர்திக் கட்டணம் உள்ளிட்ட எல்லாப் பற்றுச்சீட்டுகளும்
• மோதிய வாகனத்தின் எண், பதிவுச் சான்று, காப்பீட்டு விவரம் (காவல் நிலையத்தில் கேட்டுப் பெறலாம்)
• வயது, தொழில், வருவாய் ஆகியவற்றுக்கான சான்றுகள், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம்
• மரணம் நேர்ந்திருப்பின் உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்
• நிலையான ஊனம் இருப்பின் மருத்துவக் குழுவின் சான்று

இப்பணியைக் குடும்பத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் செய்ய வேண்டுவதில்லை. நிதானமுள்ள உறவினர் ஒருவரை முதல் நாளே இதற்கெனப் பொறுப்பாக்குங்கள். நோயாளியைக் கவனிப்பவர் நோயாளியைக் கவனிக்கட்டும். தாள்களைக் கவனிப்பவர் தாள்களைக் கவனிக்கட்டும். இழப்பீட்டைக் கோருவது இறந்தவருக்கு விலை பேசுவதாகும் என்று சிலர் கூசுகின்றனர். அப்படியன்று. அவர் உயிரோடிருந்தால் தம் பிள்ளைகளுக்கு எதைச் செய்திருப்பாரோ, அதைச் செய்வதற்கு அவருக்குச் சட்டம் விட்டுவைத்துள்ள வழி அதுவே.